நாற்பது நாள் விருந்தாளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் தாஸ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு எவர்சில்வர் தட்டு வீட்டை விட்டுப் போய்த் திரும்பாமலே இருந்தால் எவளுக்குத்தான் கோபம் வராது? அதுவும் என் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் இறங்கிச் சம்பாதித்து, கல்யாணத்துக்கு வாங்கி, 'தா. ஜோ.' என்று பேர் வெட்டிக் கொடுத்த தட்டு. தாஸ், ஜோசஃபின் என்று அர்த்தம்.

தட்டுகள் எங்கே போயின என்பது எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்குப் போயின. ஏன் திரும்பவில்லை என்பதும் தெரியும் என்றுதான் இந்த ஈஸ்டர் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டில் இருப்பவர் சீனிவாசராகவன். கும்பகோணத்துக்காரர், ஐயங்கார், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு, இங்கே பெங்களூரில் ஐ.டி. வேலை பார்த்த மகள் வைஷ்ணவியோடு ஆஸ்டின் டவுனுக்குக் குடிவந்தார். அவள் சில வருஷத்தில் ஹாலந்துக்குப் போய்விட்டாள். இவர் மெஸ்ஸிலிருந்து வரும் டிபன் கேரியரை நம்பி இங்கேயே இருந்துவிட்டார். எங்கள் தெரு குறுகல். அவர் காலையில் சொல்லும் பாசுரம் எங்கள் சமையலறையில் கேட்கும். எங்கள் வீட்டு மாட்டுக்கறி வாசனை அவர் பூஜை அறைவரை போகும். பார்த்தால் ஒரு வணக்கம், அவ்வளவுதான் பழக்கம்.

பழக்கம் முற்றியது தவக்காலத்தால். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் நுழையாது. புளிச்சாறு, காராமணிக் குழம்பு, மறுபடியும் புளிச்சாறு. தாஸ் அப்போது பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"பாவம் செஞ்சவன் நானு ஜோசு. இந்த நாக்கு இன்னா பண்ணுச்சு?"

"அந்த நாக்குதான் எல்லாப் பாவமும் பண்ணுச்சு. துன்னுட்டு எழுந்திரு."

அன்றைக்கு ராத்திரி முழுக்கப் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், உலகத்தில் பாதிப் பேர் கறி இல்லாமலே பிரமாதமாகச் சாப்பிடுகிறார்கள், நாமும் வாரம் ஒரு நாட்டுக்குப் போவோம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜான்சன் மார்க்கெட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். மெக்சிகோ சமையலுக்குச் சீமைக் கத்திரிக்காய் வேண்டுமாம், அது மெக்சிகோ காயாம். கடைக்காரி சந்திரம்மாவிடமே சொன்னார்.

"யாரு சொன்னது? இது நம்ம பெங்களூரு காயி. தகொண்டு போங்க சுவாமி," என்றாள் அவள் கன்னடம் கலந்து, பொறுக்கவிடாமல் தானே அள்ளிப் போட்டபடி.

அந்தக் காயைத் தோசைக்கல்லில் சுட்டேன். காராமணியைச் சீரகம் போட்டு மசித்தேன். மாங்காய், தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கி உப்புப் போட்டுக் கலந்தேன். எல்லாவற்றையும் சப்பாத்தியில் வைத்து மடிக்கும்போதுதான், எங்களுக்கு வந்த கூரியரைத் தவறாக வாங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு சீனிவாசராகவன் வாசலில் நின்றார். மூக்கு மட்டும் உள்ளே வந்துவிட்டது.

"சார், இன்னிக்கு சுத்த சைவம்," என்றார் தாஸ். "ஈஸ்டர் வரைக்கும் சைவம்தான். வாங்க, மெக்சிகோ போயிட்டு வரலாம்."

"மெக்சிகோவா?" என்று கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் தவக்கால வெள்ளி தவறாமல் வந்தார். அவருக்கு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது. ஆனால் வெங்காயத்தை அச்சில் வார்த்த மாதிரி நறுக்குவார். சீசன் முடிகிற நேரத்துக் கடைசி அவரைக்காயைப் பிதுக்கி, அரைத்து, லெபனான் வடை சுட்டோம். கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து எத்தியோப்பியாத் தோசை ஊற்றினோம். அந்தத் தோசை கல்லை விட்டு வருவேனா என்று அடம் பிடித்து, மூன்று பேரும் ஆளுக்கொரு கரண்டியால் சுரண்டித் தின்றோம். தாய்லாந்துக் குழம்புக்கு ஏதோ ஒரு கிழங்கு கிடைக்காமல் சந்திரம்மாவிடம் மாங்காய் இஞ்சி வாங்கிப் போட்டேன். அந்த வாசனை தெருமுனை வரை போனது. "இனிமே தாய்லாந்துக்காரா நம்மகிட்டதான் கத்துக்கணும்," என்று சீனிவாசராகவன் சொன்னபோது தாஸுக்குப் பிடிபடாத பெருமை.

எங்கள் சர்ச்சின் பங்கு சாமியார் ஆண்டனி ஒருநாள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "தவக்காலம்னா வயித்துக்குத் தண்டனைம்மா. நீங்க வயித்துக்கு பாஸ்போர்ட் எடுத்துக் குடுத்திருக்கீங்க." சொல்லிவிட்டு இரண்டு லெபனான் வடையைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டுதான் போனார்.

அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் என் சமையலறை நிறைந்துவிடுகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. சென்னையைத் தாண்டி நான் எங்கேயும் போனதில்லை. ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்து போகாத நாடு இல்லை. சீனிவாசராகவனுக்கு மட்டும் வாழை இலை போடுவோம். அவர் கேட்டதில்லை, நாங்களாகப் போட்டோம். நாங்கள் புழங்குகிற தட்டு அவருக்கு ஒருமாதிரி இருக்கும் இல்லையா.

ஈஸ்டர் வந்ததும் எல்லாம் முடிந்துவிடும். தங்கவயலிலிருந்து தாஸின் தம்பி குடும்பம் ரயிலேறி வரும், பிரியாணி தம்மில் இருக்கும், எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். பண்டிகை நாளில் அடுத்த வீட்டை விட்டுவிட்டுச் சாப்பிட முடியுமா? ஒரு தட்டில் வாழைப்பழமும் முட்டை போடாத கேக்கும் வைத்துத் தாஸிடம் கொடுத்தனுப்புவேன். அவர் வாசலில் வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் தாஸ்," என்பார். அந்தத் தட்டுதான் திரும்பி வராது.

முதல் வருஷம் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் வராதபோது புரிந்துவிட்டது. மாட்டுக்கறி புழங்கின தட்டு. குப்பையில் போட்டிருப்பார். "நாப்பது நாளைக்கு நம்ம வீடு கோயிலு, அதுக்கப்புறம் கசாப்புக்கடை," என்று தாஸிடம் பொரிந்து தள்ளுவேன். "ஒரு தட்டுக்கு இவ்ளோவா?" என்பார் அவர். தட்டுக்கா நான் அழுதேன்? காகிதத் தட்டில் கொடுத்தனுப்பலாம் என்று வருஷா வருஷம் முடிவு செய்வேன். பண்டிகையன்று மனசு வராது. அப்பா கொடுத்த தட்டைத்தான் எடுப்பேன். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

இந்த வருஷம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த வெள்ளியன்று, சீனிவாசராகவன் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னார், விசா வந்துவிட்டது, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை விமானம், இனிமேல் மகளோடுதான் என்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்காயம் இருந்ததால் தப்பித்தேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், எங்கள் கடைசி வெள்ளியில் என்ன நாடு என்று தாஸ் கேட்டதற்கு, "போற நாட்டையே பார்த்துடலாமே," என்றார். ஹாலந்தில் உருளைக்கிழங்கை மசித்து, அதில் கீரையைக் கலந்து, வெண்ணெய் போட்டுச் சாப்பிடுவார்களாம். அவர்கள் கீரைக்கு நான் எங்கே போக? சந்திரம்மா கிள்ளிப் போடுகிற நூல்கோல் தழையை வாங்கி வந்து சேர்த்தேன்.

தாஸ் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். "இந்த மசியலுக்கா சார் ஏழு கடல் தாண்டிப் போறீங்க?"

"பொண்ணு கூப்பிடறா தாஸ். கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?"

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன்.

"எல்லா நாட்டுக்கும் போயிட்டீங்க சார். எங்க வீட்டு ஈஸ்டருக்கு மட்டும் ஒரு வருஷம்கூட வரல. கறி சமைக்கிறவங்கதான் நாங்க. அதுக்காக பண்டிகை அன்னிக்கு ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போவக்கூடாதா? போறதுக்கு முன்னாடி கேட்டுடறேன். மனசுல வச்சிக்கினு இருந்தா வெடிச்சிடுவேன்."

தாஸ், "ஜோசு, ஜோசு," என்று என் முழங்கையை அமுக்கினார். சீனிவாசராகவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கூப்பிடலையேம்மா," என்றார்.

நான் தாஸைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு ஈஸ்டருக்கும் குளிச்சு, சலவை வேஷ்டி கட்டிண்டு உக்காந்திருப்பேன். தாஸ் தட்டோட வருவார். வாசல்லயே குடுத்துட்டுப் போயிடுவார். உங்காத்துல எல்லாரும் சிரிக்கறது கேக்கும். சரி, அவா மனுஷா எல்லாம் வந்திருக்கா, நடுவில நான் எதுக்குன்னு கதவைச் சாத்திடுவேன்."

"கறி இருக்குமே சார்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நான் சாப்பிடமாட்டேன். உக்காரமாட்டேன்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நாங்களே அவருக்காக முடிவு செய்து, அவருக்காகக் கதவைச் சாத்தி, அந்தக் கதவைப் பார்த்து வருஷா வருஷம் நான் கோபித்துக்கொண்டிருந்தேன். தாஸ் மெதுவாக, "ஈஸ்டருக்கு வாங்க சார்," என்றார். அவ்வளவு சின்ன வார்த்தை.

ஈஸ்டர் அன்று பிரியாணி தம்மில் இருந்தது. பக்கத்து அடுப்பில் அவருக்காக மறுபடியும் மெக்சிகோ. சுட்ட சீமைக் கத்திரிக்காய், காராமணி, மாங்காய். ஜன்னலோரம் தனியாக ஒரு சின்ன மேஜை போட்டு வாழை இலை விரித்து வைத்தேன். பழகிய புத்தி போகுமா?

சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். சலவை வேஷ்டி. இரண்டு கையிலும் அணைத்தபடி ஒரு அடுக்குத் தட்டுகள். அத்தனையும் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் 'தா. ஜோ.' மேல் தட்டில் வாழை இலை நறுக்கு மூடிய புளியோதரை.

"வெறும் தட்டைத் திருப்பித் தரப்படாதுன்னு எங்காத்துல சொல்லுவா," என்றார். "எனக்கோ தளிகை பண்ணத் தெரியாது. கடையில வாங்கி வெச்சுக் குடுக்கவும் மனசு வரலை. அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு இத்தனை சேர்ந்துடுத்து. இன்னிக்குத்தான் வைஷ்ணவி போன்ல சொல்லச் சொல்லப் பண்ணினேன். அடியில கொஞ்சம் பிடிச்சுடுத்து."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டேன். குப்பையில் போட்டார் என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன். அழுது முடித்து முகம் கழுவி வந்து பார்த்தால், அவர் ஜன்னலோர மேஜையிலிருந்து இலையைச் சுருட்டி எடுத்துவிட்டுப் பெரிய மேஜையில் தாஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் எதிரே பிரியாணி அண்டா. தாஸின் தம்பி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

"போடுங்கோ, ஆறிடப் போறது," என்றார் அவனிடம். என்னிடம், "எனக்கும் தட்டே குடுங்கோம்மா," என்றார்.

அவர் கொண்டுவந்த தட்டுகளிலேயே எல்லோருக்கும் பரிமாறினேன். பிரியாணியின் பக்கத்தில் எல்லோரும் புளியோதரை வைத்துக்கொண்டார்கள். அடிப்பிடித்த வாசனை வரத்தான் செய்தது. யாரும் மிச்சம் வைக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் டாக்சி வந்து நின்றது. தாஸ் பெட்டிகளைத் தூக்கி வைத்தார். நான் ஒரு தட்டில் நான்கு சப்பாத்தியில் மெக்சிகோவை மடித்து வைத்து, இன்னொரு தட்டால் மூடித் துணியில் கட்டி அவர் கையில் கொடுத்தேன்.

"தட்டு எதுக்கும்மா? ஒரு பேப்பர்ல சுத்திக் குடுத்தா போறும்."

"தட்டுலதான் குடுப்பேன். ரெண்டும் என் கல்யாணத் தட்டு சார், திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும்," என்றேன். "வெறுமனே குடுக்கக்கூடாது."

அவர் கைப்பையைத் திறந்து, பாஸ்போர்ட்டை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் தட்டுகளை வைத்தார்.