இரண்டாவது இலை

அமிர்தவல்லிக்குப் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நேற்று மத்தியானம் ராஜபாளையத்தில் சாப்பிட்டதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் தலைப்பிரசவம் என்று அழைத்து வந்தார்கள். பிள்ளை பாடாய்ப் படுத்திவிட்டு இன்று பகல் பதினொரு மணிக்குத்தான் வெளியே வந்தது. வீடு முழுக்க ஆண்பிள்ளைக் கொண்டாட்டம். நர்ஸம்மா வயிற்றில் ஏதாவது விழுந்ததா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெற்றிலை பாக்கோடு ஒரு சேலையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சேலையைத் தின்ன முடியுமா?

ராஜபாளையம் பஸ்ஸின் பின்னால் கிளீனர் அடுப்பில் கரியைக் கொட்டி ஊதிக்கொண்டிருந்தான். யுத்தம் வந்து பெட்ரோல் போனதிலிருந்து எல்லாம் கரி பஸ்தான். கிளம்ப முக்கால் மணி நேரமாகும் என்றான். இதை விட்டால் சாயங்காலம்தான். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் மாதம் நிறைந்த ஒருத்தி இவளை நம்பிக் காத்திருக்கிறாள். எதிரே சாப்பாட்டுக் கடை. சாம்பார் மணம் ரோட்டைத் தாண்டி வந்தது.

அவள் படியில் கால் வைத்ததும் உள்ளே பேச்சு நின்றது. எல்லாம் ஆண்கள். பரிமாறிக்கொண்டிருந்த கடைக்காரர் தனுஷ்கோடி வாளியும் கையுமாக நின்றுவிட்டார்.

"யாரு கூட வந்திருக்கீய, தாயி?"

டாக்டரையே எதிர்த்துப் பேசுகிறவள் அமிர்தவல்லி. ஆனால் அத்தனை கண்ணும் ஒன்றாகத் திரும்பியதில் நாக்கு காலை வாரிவிட்டது. "அவிய பின்னால வாராவ" என்று சொல்லிவிட்டாள். முப்பத்தெட்டு வயது வரை கல்யாணமே ஆகாதவளுக்கு 'அவிய' எங்கிருந்து வருவார்? வேதக்காரி, கிறிஸ்தவள்; பொட்டு வைக்கிற வழக்கமில்லை. கல்யாணமானவளா இல்லையா என்று பார்த்து யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

தனுஷ்கோடியின் முகம் தெளிந்தது. மூலையில் தட்டி மறைவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலை போட்டு, தண்ணீர் தெளித்தார். அதோடு சரி. சோறு வரவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு மட்டும் போடுங்க. பஸ்ஸுக்கு நேரமாவுது."

"அதெப்படி தாயி? அவியளுக்கு முந்தி நீங்க சாப்பிட்டா நல்லாவா இருக்கும்? செத்த நேரம் பொறுங்க, வந்துரட்டும்."

நல்ல மனுஷர். அதுதான் தொல்லை. பொய்யும் சொல்லிவிட்டுப் பட்டினியும் கிடக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இதற்குள் ஒருவர் தனியாக வந்தார், உட்கார்ந்தார், மூன்று தடவை சோறு வாங்கினார், ஏப்பம் விட்டுக்கொண்டே போய்விட்டார். சம்சாரம் எங்கே என்று அவரை யாரும் கேட்கவில்லை.

தனுஷ்கோடி வாசலுக்குப் போய் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். வராத மனுஷருக்காக அவர் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். வெளியே பஸ் இரைந்தது.

அமிர்தவல்லி தட்டியை விலக்கினாள். பிரசவ அறையில் பேசுகிற குரல் தானாக வந்தது.

"அண்ணாச்சி, யாரும் வரமாட்டாவ. எனக்குக் கல்யாணம் ஆவல. நான் சொன்னது பொய். நேத்து மத்தியானத்துலயிருந்து பட்டினி. சோறு போடுங்க."

கடையே கேட்டது. ஒருவர் தொண்டையைச் செருமினார். அவளுக்கு முகம் எரிந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. தனுஷ்கோடி அவளைப் பார்த்தார், பக்கத்து இலையைப் பார்த்தார்.

"அப்ப இந்த இலை? போட்ட இலைய வெறுமனே எடுக்கக் கூடாதே, தாயி."

"அதுலயும் போடுங்க. நேத்து ராத்திரிச் சோறும் பாக்கி இருக்கு."

அவர் இரண்டு இலையிலும் சோற்றைத் தள்ளினார். பஸ் ஹாரன் அடித்தது. அவர் வாளியோடு வாசலுக்கு ஓடினார்.

"ஏலே, நிறுத்து! ஆளு சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ!"

"எத்தன பேரு?" என்று கிளீனர் கத்தினான்.

"ஒரு ஆளுதாம்லே!"

அமிர்தவல்லி முதல் இலையை வழித்து மடித்தாள். பிறகு நகர்ந்து அந்த வராத மனுஷர் இடத்தில் உட்கார்ந்து, அந்தச் சோற்றையும் பிசைய ஆரம்பித்தாள்.