எண்பதைத் தாண்டினால்

வேகமாகப் போனால் வண்டி நடுங்குகிறது என்று யாராவது எங்கள் கடைக்கு வந்தால், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அங்கேயே சண்டை ஆரம்பித்துவிடும். நான் சக்கரம் என்பேன். அவர் அடிப்பக்கம் என்பார். வந்தவர் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் முழிப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். சக்கரத்தைக் கழற்றி, பேலன்ஸிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, எந்த இடத்தில் எத்தனை கிராம் ஈயம் வைக்க வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. வண்டிக்கு அடியில் படுத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் கையை விடுவது அவர் வேலை. தெருவில் எனக்குப் பேலன்ஸிங் அக்கா என்று பெயர். அவருக்குப் பெயரே கிடையாது. பாதிப் பேர் அவருடைய கால்களை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வாரம் நடுங்கியது எங்கள் சொந்த வண்டி.

நீல நிறப் பிக்கப். எங்கள் மகளைவிட மூத்தது. கடைக்கு டயர் ஏற்றி வர வாங்கினோம். அதை இப்போது குட்டி கேட்டாள். குட்டி என்றால் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஒரே மகள், இருபத்தாறு வயது, ஒரு கதவை ஒற்றை ஆளாகத் தூக்கி நிலையில் மாட்டுவாள். மரவேலை கற்றுக்கொண்டு, அரை நாள் பயண தூரத்தில் இருக்கும் நகரத்தில் சொந்தமாக ஒரு பட்டறைக்கு இடம் பார்த்திருந்தாள். திங்கட்கிழமை காலை நேரில் வந்து சாவி வாங்கிக்கொள்ளாவிட்டால், வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இடத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ரம்பம், இழைப்பு மெஷின், ஆள் உயர வேலை மேசை எல்லாம் இந்த வண்டியில்தான் போயாக வேண்டும். ஞாயிறு காலை கிளம்புவதாக ஏற்பாடு.

அவளுக்காக அவர் போன வாரமே வண்டியை ஒரு பார்வை பார்த்தார். பிரேக், எண்ணெய், பெல்ட் எல்லாம். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீள ஷாஃப்டை இறக்கி, மூட்டுகளை இணைக்கும் சிலுவை வடிவக் கிராஸைப் புதிதாகப் போட்டு, கிரீஸ் அடித்து ஏற்றினார். வெள்ளிக்கிழமை குட்டி ஓட்டிப் பார்க்கப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அம்மா, எண்பதைத் தாண்டினா வண்டி நடுங்குது. பல்லெல்லாம் ஆடுது."

"ஸ்டியரிங்கா, சீட்டா?"

"சீட்டு."

எங்கள் தொழிலில் முதல் கேள்வியே இதுதான். கையில் தெரிந்தால் முன்பக்கம், உட்கார்ந்த இடத்தில் தெரிந்தால் பின்பக்கம். நான் அவரைப் பார்த்தேன். அவர் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த இடத்தில் "பாத்தியா, அடிப்பக்கம்!" என்று ஒரு துள்ளு துள்ளுவார். அன்றைக்குத் துள்ளவில்லை.

"வயசாயிடுச்சு வண்டிக்கு," என்றார். "ஷாஃப்டையே மாத்தணும். பழைய மாடல், பார்ட்ஸ் வர ஒரு மாசமாவது ஆகும். இதுல பாரம் ஏத்திக்கிட்டு அவ்வளவு தூரமெல்லாம் போக முடியாது, குட்டி."

"ஒரு மாசமா? திங்கக்கிழமை சாவிப்பா!"

"போனா போகுது, வேற இடம் கிடைக்காமலா போயிடும்?"

அவள் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டாள். கதவு சாத்திய சத்தத்தில் கடை ஷட்டர் அதிர்ந்தது. கோபத்தில் அவள் என்னை உரித்து வைத்தவள்.

எனக்குச் சுருக்கென்றது. ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு வண்டிக்கு நாள் குறிக்கிற ஆள் இல்லை இவர். ஊர் வண்டிக்கெல்லாம் ஒரு நியாயம், எங்கள் வண்டிக்கு ஒரு நியாயமா?

சனிக்கிழமை காலை வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். ரிம்முக்குள் காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலே போதும், வண்டி ஆட்டம் போடும். சுரண்டி எடுத்தேன். ஒவ்வொன்றாக மெஷினில் சுற்றவிட்டேன். ரிம் நெளிந்திருக்கிறதா, டயரில் எங்காவது வீக்கம் இருக்கிறதா என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். ஒன்றில் கொஞ்சம் ஈயம் தேவைப்பட்டது, மற்றது எல்லாம் சுத்தம். முன்னால் இருந்ததைப் பின்னாலும் பின்னால் இருந்ததை முன்னாலும் மாற்றி மாட்டி, நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போனேன். சக்கரத்தில் கோளாறு இருந்தால் நடுக்கமும் இடம் மாற வேண்டும்.

மாறவில்லை. எழுபதில் அமைதி. எண்பதில் சீட்டுக்கு அடியில் இருந்து கிளம்பியது. ஓடும்போதே நியூட்ரலுக்குத் தள்ளி, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தேன். எஞ்சின் சத்தம் இறங்கியது, நடுக்கம் இறங்கவில்லை. ஆக எஞ்சினும் இல்லை. என் கட்சி தோற்றது. அடிப்பக்கம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நடுக்கம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்கேயோ பழகிய மாதிரி இருந்தது. சீட்டில் உட்கார்ந்தபடியே என் இடது கை தானாக மடியை அணைத்துக்கொண்டது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

கடைக்குத் திரும்பியபோது அவர் பின்கட்டில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார். நான் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, அவருடைய சக்கரம் வைத்த படுக்கைப் பலகையை இழுத்துப்போட்டு அடியில் போனேன். போய்ப் பல வருடம் ஆயிற்று. முழங்கால் முனகியது. அந்த எண்ணெய் வாசனைக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அடையாளப் புள்ளி வைக்காமல் எதையும் கழற்ற மாட்டோம். கல்யாணமான புதிதில் இவர் இதே ஷாஃப்டை இறக்கிவிட்டு, திரும்ப எப்படி மாட்டுவது என்று தெரியாமல் முழித்தார். இரண்டு துண்டாக இருக்கும் அது. ஒன்றின் பல் மற்றொன்றின் பல்லுக்குள் இறங்கும். ஒரு பல் தள்ளி இறங்கினாலும் வேகத்தில் நடுங்கும். "அடையாளம் வச்சுட்டுக் கழட்டக் கூடாதா? இதுகூடவா நான் சொல்லித் தரணும்?" என்று நான் குதித்தேன். பிறகு அவர் சரியாகப் பொருத்தி, இரண்டு பக்கமும் உளியால் சின்னக் குழி போட, நான் கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷை அந்தக் குழிகளில் வைத்தேன். அன்றிலிருந்து கடையில் எது தீர்ந்தாலும் நெயில் பாலிஷ் தீராது. என் விரலில் மட்டும் அதை ஒரு நாளும் யாரும் பார்த்ததில்லை.

துணியால் கிரீஸைத் துடைத்தேன். முன் துண்டில் சிவப்புப் புள்ளி, மங்கலாக, ஆனால் அப்படியே இருந்தது. அதற்கு நேர் எதிரே பின் துண்டில் சிவப்பு இல்லை. சிவப்பு ஒரு பல் தள்ளி இருந்தது. நேர் எதிரே இருந்தது ரோஸ்.

என் கை அங்கேயே நின்றுவிட்டது. ரோஸ் புள்ளியை நான் மறந்தே போயிருந்தேன்.

குட்டி ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது தூக்கம் என்பதே கிடையாது. அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை, பக்கத்துக் கடைக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். தோளில் போட்டாலும் அழுவாள், இறக்கினாலும் அழுவாள். ஒரு சாயங்காலம் இவர் அவசரத்தில் ஷாஃப்டை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார். ஓட்டிப் பார்க்க மூவருமாகப் போனோம், அவள் என் மடியில். எண்பதில் வண்டி நடுங்க ஆரம்பித்தது. அழுகை பொட்டென்று நின்றது. பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

மறுநாள் இவர் சரியாக மாட்டினார். அவள் வீட்டையே இரண்டாக்கினாள். அவ்வளவுதான், மனுஷர் போய் அதைத் திரும்பவும் தப்பாக மாட்டிவிட்டு வந்தார்.

"இப்படியே ஓட்டினா கிராஸ் கெட்டுடும்ங்க," என்றேன்.

"கிராஸ் கடையில கிடைக்கும். தூக்கம் எந்தக் கடையில கிடைக்கும்?"

அந்த இடத்திலும் ஒரு குழி போட்டார். குழந்தைக்கு உரியது என்று நான் ரோஸ் நிறம் வைத்தேன். அதற்குப் பிறகு கடையை மூடியதும் தினமும் ஒரு சுற்று. ஜன்னல் வழியாகக் காற்று, என் மடியில் அவள், எண்பதைவிட்டு முள் இறங்காமல் ஓட்டும் அவர். பேசினால் விழித்துவிடுவாளோ என்று சைகையிலேயே சண்டை போட்டிருக்கிறோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அவள் நடக்க ஆரம்பித்ததும் ஷாஃப்டு சிவப்புக்குத் திரும்பியது.

இப்போது அது ரோஸில் நிற்கிறது. கை தவறி ஒரு பல் தள்ளிப் போகலாம், யாருக்கும் நடக்கும். ஆனால் இவர் புள்ளி பார்க்காமல் மாட்டுகிறவர் இல்லை. பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார்.

முதலில் கோபம்தான் வந்தது. மகளுடைய பிழைப்பில் கை வைப்பதா? அடுத்த நொடி, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இன்னொரு யோசனையும் வந்தது. திரும்பக் கிரீஸைப் பூசிவிட்டு, "ஆமா குட்டி, அப்பா சொல்றதுதான் சரி, ஷாஃப்டு போயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடையில் எங்கள் இருவர் பேச்சும் ஒன்றானால் அதற்கு மேல் அவள் கேள்வி கேட்க மாட்டாள். திங்கட்கிழமை வேறொருத்தன் சாவி வாங்கிக்கொள்வான். மாடிக் கதவு தினமும் சத்தமாக மூடும். அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. பலகையில் மல்லாந்து கிடந்தபடி, கிரீஸ் தொட்ட விரலோடு, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

வண்டிக்குப் பக்கத்தில் அவர் கால்கள் வந்து நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரே அவர் காலைப் பார்த்த மாதிரி இப்போது நான் பார்க்கிறேன், அவர் என் காலைப் பார்க்கிறார்.

"என்ன முதலாளியம்மா, ஏதாவது தெரிஞ்சுதா?"

"ரோஸ் தெரிஞ்சுது."

கால்கள் நகரவில்லை.

"நீ மறந்திருப்பேன்னு நினைச்சேன்," என்றார்.

"மறந்துதான் இருந்தேன். உங்களுக்கு வெக்கமா இல்ல? ராத்திரி பகல் பாராம ஒழைச்சு அவ தேடிக்கிட்ட இடம்."

"தெரியுது. ஷாஃப்டை ஏத்தும்போது ரெண்டு புள்ளியும் கண்ணுல பட்டுது. ஒரு மாசம் கிடைச்சா போதும்னு தோணிச்சு. ஒரே ஒரு மாசம்." "அவ போயிட்டா இந்த வீட்ல யார் சத்தம் போடுவா?"

"ஏன், நான் இல்ல?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குட்டி இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா, கண்டுபிடிச்சியா?"

விரலில் கிரீஸ் இன்னும் இருந்தது. சொன்னால் அவர் குட்டு வெளிப்படும். சொல்லாவிட்டால் அவள் போக மாட்டாள். அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்டுபிடிச்சாச்சு," என்றார் அவர். "ஷாஃப்டுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் ஒரு பல் தள்ளி மாட்டிட்டேன். தெரிஞ்சேதான் மாட்டினேன், குட்டி."

அவள் அவரையே பார்த்தாள். வெடிக்கப் போகிறாள் என்று நான் பலகையை வெளியே உருட்டினேன். "ஏன்ப்பா?" என்று மட்டும்தான் கேட்டாள். அவர் சொல்ல முடியாமல் என்னைக் கைகாட்டினார். எங்கள் வீட்டில் கஷ்டமான வேலையெல்லாம் கடைசியில் என் தலையில்தான் விழும்.

"மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சுத்து போயிட்டு வரலாம்," என்றேன். "சாவியை எடு. அங்க சொல்றேன்."

முன்சீட்டில் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் ஓட்டினாள். நடுவில் நான், ஜன்னல் ஓரம் அவர். எண்பதில் நடுக்கம் வந்ததும் நான் ரோஸ் புள்ளியின் கதையைச் சொன்னேன். அழுகையை, பஞ்சை, அப்பாவின் கிராஸ் பேச்சை, மடியை, சைகைச் சண்டையை எல்லாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முள் எண்பதிலேயே நின்றது.

ரொம்ப தூரம் போன பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பா தூங்கிட்டாராம்மா?"

திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னலில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது, கன்னம் நனைந்திருந்தது.

"தூங்குறார்," என்றேன். அவள் முள் இறங்காமல் ஓட்டினாள்.

கடைக்கு வந்ததும் ஷாஃப்டை இறக்கியது குட்டிதான். அவர் வெளியே உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். சிவப்புக்குச் சிவப்பு வைத்து, போல்ட்டெல்லாம் முறுக்கிய பிறகு, அடியில் இருந்தபடியே கையை நீட்டினாள்.

"அம்மா, நெயில் பாலிஷ் கொடு. சிவப்பு ஒண்ணு, ரோஸ் ஒண்ணு."

"ரோஸ் எதுக்கு? அதுல மாட்டக் கூடாது, கிராஸ் கெட்டுடும்," என்றார் அவர்.

"கிராஸ் கடையில கிடைக்கும்ப்பா."

பாட்டில் இரண்டையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை மேசையையும் மெஷின்களையும் ஏற்றிக் கயிறு போட்டோம். அவர் முடிச்சுகளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் தலையைக் கலைத்தார். வண்டி தெருமுனை திரும்பியது. பல வருடமாக அது நின்ற இடத்தில் தரை மட்டும் எண்ணெய்க் கறையோடு இருந்தது. அவர் அந்தக் கறை மேல் மரத்தூள் போட்டுக் கூட்டினார். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார்.

மதியத்துக்கு முன் போன் வந்தது. டீசல் போட நிறுத்தியிருந்தாள்.

"அம்மா, தொண்ணூறு வரைக்கும் போய்ப் பாத்துட்டேன். கொஞ்சம்கூட ஆடல."

அவர் துடைப்பத்தைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார். "என்னவாம்?"

"ஆடலயாம்."

"ஆடலயா?" என்றார். பிறகு என்னிடமிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் அவள் ஏற்கெனவே வைத்துவிட்டது தெரியாமல், "அப்ப நல்லாத்தான் மாட்டியிருக்கே, குட்டி" என்றார்.