ஆறாவது சுற்று

பள்ளிக்கூடச் சரிவில் இறங்கும்போது அவள் பிரேக்கை மிதித்தாள். கார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தபின், வேண்டாவெறுப்பாக ஒரு விசிலை அடித்துவிட்டு, கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"அம்மா, கார் மறுபடியும் விசிலடிக்குது," என்றாள் பின் சீட்டிலிருந்த மகள்.

அவளுக்கு முதுகு வேர்த்துவிட்டது. பிரேக் பேடை மாற்றவே இல்லை, வாய்கூசாமல் பொய் சொல்கிறார் இந்த மனுஷன் என்று நினைத்தாள். ஒரு மாதமாக மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்த நினைப்புதான்.

வீட்டில் இருப்பது ஒரே கார். வாரநாட்களில் அவளுக்கு, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் அவள் கணவனுக்கு. அன்றைக்கு ரேஸ் டிராக்கில் போய் ஆசை தீரச் சுற்றிவிட்டு வருவான். தெருவுக்கும் டிராக்குக்கும் சேர்த்து ஒரே பிரேக் பேடாக வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் சொன்னான். அவள் சம்மதிக்கவில்லை. தெரு பேட் மிதித்ததும் பிடிக்கும், ஆனால் டிராக்கில் சூடேறிவிட்டால் கைவிட்டுவிடும். டிராக் பேட் அதற்கு நேர்மாறு. சூடேறினால்தான் பிடிக்கும், காலை வேளையில் வெறும் மரக்கட்டை. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என்றால் இரண்டு இடத்திலும் அரைகுறைதானே என்று அவன் முன்பு எப்போதோ சொன்னதையே அவனிடம் திருப்பிச் சொன்னாள். கடைசியில் இரண்டு செட் வாங்கினார்கள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஞாயிறு சாயங்காலமே தெரு பேட் காரில் ஏறிவிட வேண்டும். திங்கட்கிழமை அந்தச் சரிவில் இறங்குவது அவள் பெண்.

கேட்டபோதெல்லாம் அவன் சொன்னது இதுதான்: "மாத்திட்டேன்மா. புது பேட், படியறதுக்கு நாளாகும்."

பதினோரு வருடமாகக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். எழுத்து தெரியாமலே தெரிந்ததுபோலப் படிக்கிறவர்களை அவளால் இருட்டிலும் கண்டுபிடிக்க முடியும். குரல் ஓர் இழை மேலே போகும். போன ஞாயிறு, டிராக் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் கணவன். குரல் அந்த ஓர் இழை மேலே போயிருந்தது. அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் காரைத் தூக்கும் ஜாக்கியில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்தாள். தூசி இல்லை. பயன்படுத்தினார் என்று தோன்றவில்லை, துடைத்துவைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. தன் மனம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஓரவஞ்சனை செய்கிறது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்து என்ன செய்ய?

கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே நாத்தனாரின் பட்டறைக்குப் போனாள். கணவனின் அக்கா, கார் பட்டறையைத் தனியாளாக நடத்துகிறவள். ஞாயிறுகளில் தம்பிக்குத் துணையாக டிராக்குக்கும் போவாள். அதனாலேயே அவள்மேலும் இவளுக்கு முழு நம்பிக்கை இல்லை.

முன் சக்கரத்தைத் தன் கண் முன்னாலேயே கழற்ற வேண்டும் என்றாள்.

நாத்தனார் கையைத் துணியில் துடைத்தபடி ஏற இறங்கப் பார்த்தாள். "என்மேலயும் சந்தேகமா?"

"நீங்க அவர் அக்காதானே அண்ணி."

"நல்லவேளை, அவனுக்கு அம்மான்னு சொல்லல."

சக்கரம் கழன்றது. பிரேக் டிஸ்க்கில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. நாத்தனார் பேடை உருவி, ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினாள். கரிக்கு அடியில் செம்புத் துணுக்குகள் மினுங்கின.

"டிராக் பேடுதான்," என்றாள்.

இவளுக்கு உள்ளே ஏதோ குதித்தது. அது கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். கோபமில்லை, சந்தோஷம். புருஷன் பொய்யன் என்று நிரூபணமானதில் ஒருத்திக்குச் சந்தோஷம் வருமா? வந்தது. தான் சொன்னது சரி என்கிற சந்தோஷம்.

நாத்தனார் பேடைத் திருப்பினாள். பின்பக்கத் தகட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் 'தெரு' என்று எழுதியிருந்தது. குண்டுகுண்டான எழுத்து. இவளுடைய எழுத்து.

போன மாத ஞாயிறு அப்படியே நினைவுக்கு வந்தது. இரண்டு செட்டும் கரி படிந்து ஒன்றுபோலவே இருந்தன. உன் கையெழுத்துதான் அழகா இருக்கும், நீயே எழுது என்று அவன் இரண்டு கையிலும் ஏந்திவந்து, எது எது என்று சொல்லி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அவள் அப்போது ஃபோனில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துப் பார்த்தபோது, தெரு பேட் இடதா வலதா என்று தெரியவில்லை. திரும்பக் கேட்டால், சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை என்று தெரிந்துவிடும். ஒரு குத்துமதிப்பில் எழுதிவைத்தாள்.

அவன் ஒவ்வொரு முறையும் மாற்றித்தான் இருக்கிறான், அவள் எழுத்தை நம்பி.

"அப்படின்னா டிராக்ல தெரு பேடு..." என்று ஆரம்பித்தாள்.

"போன ஞாயிறு மூணாவது சுத்துல பிரேக் பெடல் அடிவரைக்கும் போயிடுச்சு," என்றாள் நாத்தனார். "வளைவுல திரும்பாம நேரா மணல்ல இறக்கி நிறுத்தினான். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னான். தெரிஞ்சா நிறுத்திடுவியாம்."

ஆக, இருவரும் சேர்ந்து மறைத்தது உண்மைதான். அவள் மோப்பம் பிடித்ததில் தவறில்லை. பிடித்துக்கொண்டு வந்து நின்ற இடம்தான் தன் வாசலாக இருந்தது.

நாத்தனார் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தாள். நடுத்தரமான பேடாம். காலையில் மிதித்ததும் பிடிக்கும். டிராக்கில் ஐந்து சுற்று தாங்கும். ஆறாவது சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். "எழுதிவைக்கிற வேலையே இல்ல. ஆனா அவன் அடங்கணும். அடங்குவானா?"

அவள் கணவனுக்கு ஃபோன் செய்தாள். அவன் மறைத்ததை முதலில் கேட்டுவிட்டால், தன்னுடையதை நைசாகப் பின்னால் தள்ளிவிடலாம். அந்த எண்ணம் வந்ததும், அதற்கு இடம் கொடுக்காமல் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை பெடல் உள்ள போனது என்னாலதான்."

"அக்கா சொல்லிட்டாளா?" என்றான் உடனே.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், குத்துமதிப்பு உட்பட.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

புது பேடைப் பற்றிச் சொல்லி, ஆறாவது சுற்றில் ஆறவிட முடியுமா என்று கேட்டாள்.

"முடியும்," என்றான்.

குரல் அந்த ஓர் இழை மேலே போனதா என்று கூர்ந்து கேட்டாள். போனதுபோலவும் இருந்தது, போகாததுபோலவும் இருந்தது. இதில் குத்துமதிப்பு கூடாது.

"அப்போ கடைசி ஞாயிறு நானும் வர்றேன்," என்றாள். "சுத்து எண்றதுக்கு."

பிறகு நாத்தனாரிடம் திரும்பி, மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் மாட்டி முடிக்கிறவரை சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தாள்.