உள்ளே வந்த ஜுரம்

2009 ஆகஸ்டில் புனே ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தது. பன்றிக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடங்களை மூடினார்கள், சினிமா கொட்டகைகளை மூடினார்கள். முகக்கவசம் கிடைக்காதவர்கள் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்து முகத்தில் கட்டிக்கொண்டு, வழிப்பறிக்குக் கிளம்பியவர்கள் மாதிரி பஸ் ஏறினார்கள். கட்கியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த வேதநாயகிக்கு இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கக் கொடுத்துவைக்கவில்லை. அவளுக்கு மார்பில் புற்றுநோய். மூன்று தடவை கீமோ ஏற்றியாகிவிட்டது. சாதாரணச் சளி பிடித்தால்கூட உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர அவள் வாசற்படி தாண்டவில்லை. ஜன்னல்களையும் சாத்திவிட்டாள். பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் இவள் இங்கே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கணவர் அந்தோணி ஷிப்ட் முடிந்து வந்தால், குளித்துவிட்டு வரும்வரை அவர் இருக்கிற பக்கமே திரும்ப மாட்டாள். கேன்சர்கூட அவளுக்கு இதற்குள் பழகிப்போயிருந்தது, மொட்டைத் தலையும் பழகிவிட்டது. இந்தப் பயம்தான் பழகுவேனா என்றது.

இத்தனை காவலையும் மீறி, நாலாவது கீமோவுக்குப் போகவேண்டிய அன்று காலையில் அவளுக்கே ஜுரம் வந்தது.

"கொதிக்குதே வேதா" என்றார் அந்தோணி, நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு.

ஜுரம் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஓடி வா என்பது டாக்டர் முதல் நாளே போட்ட சட்டம். ஜுரத்தோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்பது அதே ஆஸ்பத்திரி போன வாரம் போட்ட சட்டம். இரண்டையும் போட்ட மகராசர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கேட்டில் தெர்மாமீட்டரோடு ஒரு நர்ஸ் நின்றாள். சூடு இருந்தால் அரசாங்கச் சோதனை மையத்துக்கு அனுப்பிவிடுவாள். அங்கே வரிசை ரோடு வரை நீண்டிருப்பதையும், நிற்பவர்கள் எல்லாரும் இருமிக்கொண்டிருப்பதையும் டிவியில் தினமும் காட்டினார்கள். வந்திருப்பது வேறு ஏதோ ஜுரமாக இருந்தாலும், அந்த வரிசையில் நின்றால் பன்றிக் காய்ச்சல் ஒட்டாமல் விடாது.

"அந்த லைன்ல நான் நிக்க மாட்டேங்க. போனா திரும்பி வர மாட்டேன்."

"ரெண்டு குரோசின் போட்டுக்க. சூடு எறங்கிடும். உள்ள பூந்ததும் டாக்டராண்ட உண்மையச் சொல்லிடு. அவரு தொரத்த மாட்டாரு."

அந்தோணி வெடிமருந்துப் பிரிவில் வேலை பார்ப்பவர். எப்பேர்ப்பட்ட ஆபத்தையும் பதமாகத் தூக்கினால் வெடிக்காது என்று நம்புகிறவர்.

மாத்திரை வேலை செய்தது. ஆட்டோ கேம்ப் பஜாரைத் தாண்டும்போதே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. கேட்டில் நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு "டீக் ஹை, ஜாவ்" என்று உள்ளே போகச் சொன்னாள். துணைக்கு ஆள் விடவில்லை. "மறக்காம சொல்லிடு, இன்னா?" என்று மழையில் நின்றபடி அந்தோணி கத்தினார்.

சொல்லத்தான் போனாள். டாக்டர் முந்தின நாள் எடுத்த ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, "பஹுத் அச்சா", ரொம்ப நல்லது என்று தலை நிமிராமலே மருந்து ஏற்ற எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்து வந்த கிழவர் வாசலிலேயே இருமித் தொலைத்தார். இரண்டு வார்டுபாய்கள் அவரைத் தொடாமல், கையை வீசி வீசியே வெளியே ஓட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்ததும் வேதநாயகி சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு கீமோ வார்டுக்கு நடந்தாள்.

அங்கே சந்திரிகா உட்கார்ந்திருந்தாள். ஏரவாடாவில் இட்லிக் கடை வைத்திருப்பவள். அந்த வார்டில் வேதநாயகியோடு தமிழ் பேச இருந்த ஒரே ஜீவன். அவள் கையில் ஏற்கெனவே மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"வாக்கா வா! நீ வர மாட்டியோன்னு பயந்தே பூட்டேன். பசங்கள எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டேன். கடையும் இல்ல. ஒத்த ஆளா கதவச் சாத்திக்கினு கெடந்தேன். இங்க வந்தாத்தான் நிம்மதியா மூச்சு வுட முடியுது."

சொல்லிக்கொண்டே முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கி, ஊசி இல்லாத கையை நீட்டினாள்.

"உன் தண்ணி பாட்டிலக் குடுக்கா. வாயெல்லாம் தகரம் கடிச்சாப்ல கீது."

பாட்டில் வேதநாயகியின் மடியில் இருந்தது. வழியெல்லாம் அவள் வாய்வைத்துக் குடித்த தண்ணீர். இத்தனை நாளும் யார் தனக்கு நோயைக் கொண்டுவந்து கொடுப்பார்களோ என்று ஊரையே சந்தேகப்பட்டவளுக்கு, அப்போதுதான் தன் ஞாபகம் வந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. பாட்டிலை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

சந்திரிகாவின் முகம் சுருங்கியது. "ஏன், நான் குடிச்சா ஆவாதா?"

"எனக்கு ஜுரம் சந்திரிகா."

"வெளையாடாதக்கா."

"காலைலேர்ந்து. மாத்திர போட்டுக்கினு உள்ள வந்துட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். இனி உட்கார்ந்திருக்க முடியாது. வார்டு நர்ஸைப் பார்த்து "சிஸ்டர், மேரேகோ புகார் ஹை" என்று, தனக்கு ஜுரம் இருப்பதை இந்தியில் உரக்கவே சொன்னாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் இரண்டடி பின்வாங்கி, கதவைக் காட்டினாள்.

பையை எடுக்கக் குனிந்தபோது சந்திரிகாவைப் பார்த்தாள். முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டு, மருந்துக் குழாய் எட்டுகிற மட்டும் நாற்காலியின் அந்த ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தாள். குழாய் விறைத்து நின்றது. அதற்கு மேல் நகர வழியில்லை.

"நீயாவது வெளிய போற. நான் இந்த ஊசிய வெச்சிக்கினு எங்கக்கா ஓடுவேன்?"