நாலாம் மாடிக் குழாய்

மூட்டைக்காரரின் இரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டிய வருஷத்தில்தான் அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடிக்கு மோட்டார் இல்லாமல் தண்ணீர் ஏறத் தொடங்கியது. முதல் மாடியில் அவர் படுத்திருந்தால் போதும், மேலே குழாய் பீறிட்டது. அவர் மூட்டை தூக்கக் கிடங்குக்குப் போனதும் நின்றது. பழுது பார்க்க வந்தவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஏதோ லப்டப்பென்று அடிக்கிறது, குழாயில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய மோட்டாரைக் காயலான் கடையில் போட்டார்கள். மூட்டைக்காரருக்குப் பம்பு என்று பெயர் விழுந்தது. அவருக்கு அதில் பெருமைதான். பிரஷர் இருப்பதால்தான் முதுகில் மூட்டை நிற்கிறது, அது இறங்கினால் ஆளும் இறங்கிவிடுவான் என்பது கிடங்கில் எல்லோரும் நம்பிய சங்கதி.

டாக்டர் நாலு வகை மாத்திரை கொடுத்துப் பார்த்தார். அழுத்தம் அசைந்துகொடுக்கவில்லை. மனைவி உப்பு ஜாடியை ஒளித்துவைத்தாள். ஆனால் நாலாம் மாடித் தையல்காரி தினமும் சாயங்காலம் உப்புத் தூக்கலாக வறுத்த வேர்க்கடலை ஒரு கிண்ணம் கொண்டுவந்து, அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவாள். கடலை இல்லாத அன்று தண்ணீர் மூன்றாம் மாடியோடு நின்றுவிடுவதை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

பிறகு தண்ணீருக்கு விக்கல் எடுக்க ஆரம்பித்தது. இரண்டு முறை சரியாகக் கொட்டும், அப்புறம் ஒன்றும் வராது, திடீரென்று தடதடவென்று அடிக்கும். உடம்பெல்லாம் சோப்போடு நின்றவர்கள் கட்டடத்துக்காரரைத் திட்டினார்கள். மனைவி மட்டும் கணவரின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். குழாய் தடுக்கிய இடத்திலெல்லாம் நெஞ்சும் தடுக்கியது.

டாக்டர் விளக்கினார். சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கும் நரம்புகள் ஓயாமல் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கின்றன. தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு அவற்றுக்குச் சூடு வைக்கலாம். இதயத்தில் துடிப்பைத் தடுமாற வைக்கும் இடத்துக்கும் இன்னொரு நாள் அதே வைத்தியம். சும்மா விட்டால் ஒருநாள் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும். எல்லாம் கேட்டுவிட்டு மூட்டைக்காரர், அப்புறம் மூட்டை தூக்க வருமா என்றார். உயிரோடு இருந்தால் வரும் என்றார் டாக்டர்.

செய்தி படியேறியதும் மேல்மாடி படியிறங்கி வந்தது.

"கோடை கழியட்டுமே அண்ணி," என்றாள் தையல்காரி. "ரெண்டே மாசம்."

"உன் குடம் நிறையணும்னு என் வீட்டுக்காரர் தலை வெடிக்கணுமா?"

"ஐயோ, நான் அப்படியா சொன்னேன்?"

"கடலைக் கிண்ணத்தை எடுத்துட்டுப் போ. வரும்போது மோட்டார் வாங்கிட்டு வா."

மூட்டைக்காரர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுவருக்குள் குழாய் படபடத்தது. "போகலாம்," என்றார்.

இரண்டு வைத்தியமும் முடிந்த பிறகு தண்ணீர் விக்குவதை விட்டது. அழுத்தம் மட்டும் அவசரப்படாமல், மாடி மாடியாக இறங்கியது. முதலில் நாலாம் மாடி வறண்டது, சில வாரத்தில் மூன்றாவது, மழைக்காலத்துக்குள் இரண்டாவது. மூட்டை என்னவோ முதுகில் முன்போலவே நின்றது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் சேர்ந்து மோட்டார் வாங்கினார்கள்.

நாலாம் மாடியின் பழைய குழாயை மட்டும் யாரும் அடைக்கவில்லை. மூட்டைக்காரர் இன்னும் தினமும் போடவேண்டிய ஒரு மாத்திரையை மறக்கிற நாளில் அது உஸ்ஸென்று சீறும். தையல்காரி தைப்பதைப் போட்டுவிட்டு, குடத்தை அடியில் வைத்துவிட்டு, தடதடவென்று படியிறங்கி ஓடிவருவாள்.

"பம்பு அண்ணே, மேல தண்ணி வருது. மாத்திரை போட்டீங்களா?"

அவர் அசடு வழிந்துகொண்டே மாத்திரையை வாயில் போடுவார். தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டு, மெதுவாக, ஒவ்வொரு மடக்காகக் குடிப்பார். மேலே குடம் நிறையட்டும் என்றுதான்.