சாம்பல் பாட்டில்

கண்ணாடி பாட்டிலைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. ஹார்லிக்ஸ் தீர்ந்தால் அந்த பாட்டில், ஊறுகாய் தீர்ந்தால் அந்த பாட்டில், கத்தாரிலிருந்து மகன் வாங்கி வந்த காபித்தூள் தீர்ந்தால் அந்தச் சதுர பாட்டில் என்று எல்லாம் என் வீட்டில்தான் தங்கும். மேலே ஒட்டிய காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரிப்பேன். போகாத பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். ஊறுகாய் வாசனை போக மூன்று நாள் வெயில் காட்டுவேன். அடுப்படியில் இடம் நிறைந்து, பிறகு கூடத்து அலமாரி நிறைந்து, கடைசியில் மாட்டுக் கொட்டகைப் பரண் வரைக்கும் பாட்டில் ஏறிவிட்டது.

"திருத்துறைப்பூண்டி காயலாங்கடைக்காரன் நம்ம வீட்டப் பாத்தான்னா, தன் கடைய மூடிட்டுப் போயிருவான்" என்பார் என் வீட்டுக்காரர் காயாரோகணம். சொல்லிவிட்டு, டீக்கடையில் காலி பாட்டில் ஏதாவது கண்ணில் பட்டால் கேட்டு வாங்கிக்கொண்டும் வருவார். அப்படிப்பட்ட மனுஷன்.

எந்த பாட்டிலிலும் நான் பெயர் எழுதி ஒட்டியதில்லை. என் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ற திமிர்தான். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் கடுகு எது, வெந்தயம் எது என்று சொல்வேன். அந்தத் திமிரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன புரட்டாசியில் அவர் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. எங்கள் ஒரே மகன் மணிவண்ணன் கத்தாரில் வெல்டர். விசா புதுப்பிக்க அவனுடைய பாஸ்போர்ட்டை கம்பெனியில் வாங்கி வைத்திருந்த நேரம் அது. போனில் அழுதான். எத்தனை நாள் உடம்பை வைத்திருப்பது? என் கொழுந்தன் மகன் கொள்ளி வைத்தான்.

மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கினார்கள். மற்றதையெல்லாம் கடலில் கரைத்துவிட்டு, மணிவண்ணனுக்காக ஒரு பிடியை மட்டும் சின்னக் கலயத்தில் போட்டுப் பின்பக்கத்து வேப்பமரத்தில் கட்டினோம். "நான் வந்து கரைக்கிறேம்மா, எனக்குன்னு கொஞ்சம் வச்சிரு" என்று அவன்தான் கேட்டான். அப்பாவுக்கு அவன் செய்ய மிச்சம் இருந்த காரியம் அது ஒன்றுதான்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் பார்த்தால் கலயம் ஊறி, ஓரம் விண்டுபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது. என் பிள்ளைக்கு என்று வைத்தது மண்ணில் வழிந்துவிடுமே என்று பதறிப்போனேன். ஒரு சதுர பாட்டிலைத் துடைத்து, கலயத்தில் இருந்ததை அதில் போட்டு, மூடியை இறுக்கி, மஞ்சள் துணி சுற்றிக் கொட்டகைப் பரணின் மூலையில் வைத்தேன். கூரைக்கு அடியில் அதை வைக்கக் கூடாது என்று நாலு பேர் சொல்வார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அதே பரணில்தான் என் விதை பாட்டில்களும் இருந்தன. கத்தரி விதையை அடுப்புச் சாம்பலில் கலந்து மூடி வைத்தால் பூச்சி அண்டாது. விதைக்கும்போது சாம்பலோடு சேர்த்தே தூவிவிடலாம். அடுத்த வீட்டு ஞானாம்பாளுக்கு வருஷா வருஷம் என்னிடமிருந்துதான் விதை போகும். அவள் நாற்று விட்டு, கட்டுக் கட்டாக விற்பாள். உறவில்லாவிட்டாலும் என் வீட்டுக்காரரை அண்ணன் என்பாள், என்னை அண்ணி என்பாள்.

ஆனி மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் பரணைப் பார்த்தேன். மஞ்சள் துணியை எலி கடித்து வைத்திருந்தது. வந்ததும் புதுத்துணி சுற்றலாம் என்று பழையதை அவிழ்த்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது ஞானாம்பாள் போன் செய்தாள்.

"அண்ணி, கத்திரி வெத எங்க இருக்கு? நாத்தங்கால் கொத்தி வச்சிட்டேன், மழ வர்ற மாதிரி இருக்கு."

"கொட்டாப் பரண்ல சாம்பல் பாட்டில் இருக்கும் பாரு. அதான். அப்படியே கொட்டித் தூவிடு" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் இன்னொரு சாம்பல் பாட்டில் என் ஞாபகத்துக்கு வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் அதில் இருக்கிறார் என்பது எனக்கு மறந்துபோனது. இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நான் ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து ஞானாம்பாள் வந்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. பன்னண்டு நாளாச்சு. ஒங்க வெத ஒண்ணுகூட மொளைக்கல."

எனக்கு சுர்ரென்று ஏறிவிட்டது. என் விதையா முளைக்காது? "நீ தண்ணி காட்டாம வச்சிருப்ப. வெதயக் கொற சொல்லாத" என்று அவளை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஏணி வைத்துப் பரணில் கையை விட்டேன். கத்தரி விதை பாட்டில் கழுத்து வரைக்கும் நிறைந்து அங்கேயே இருந்தது. மூலை காலியாக இருந்தது.

ஏணியிலிருந்து இறங்கினேன்.

"நீ எடுத்த பாட்டில்ல என்னடி இருந்துச்சு?"

"சாம்பல்தான் அண்ணி. நடுவுல சுண்ணாம்புக் கட்டி மாதிரி கொஞ்சம் கெடந்துச்சு. அத மட்டும் பொறுக்கி வேலியோரம் வீசிட்டு, வெத சாம்பலோட கலந்திருக்கும்னு மிச்சத்தத் தூவிட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் ஞானாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கண்ணன இந்தக் கையாலயா வேலியில வீசுனேன்" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து, வேலியோரம் முழுக்க இரண்டு பேரும் தேடினோம். வெள்ளையாகக் கிடந்ததெல்லாம் வெயிலில் வெளுத்த நத்தை ஓடு. எது ஓடு, எது எலும்பு என்று தெரியவில்லை. புதுக் கண்ணுக்கும் தெரியவில்லை.

மணிவண்ணன் ஆடி அமாவாசைக்கு வருவதாக டிக்கெட் போட்டிருந்தான். இருபது நாள்கூட இல்லை.

"அடுப்புச் சாம்பல சலிச்சுப் போட்டு வைங்க அண்ணி. ரெண்டும் சாம்பல்தானே, புள்ளைக்கு என்ன தெரியப்போவுது? தெரிஞ்சா ஒடஞ்சு போயிரும்" என்றாள் ஞானாம்பாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பயத்தில் செய்தேன். சலித்தேன், அவள் திருப்பித் தந்த அதே பாட்டிலில் போட்டேன், புது மஞ்சள் துணி சுற்றினேன். அவளுக்கு நல்ல விதையைக் கொடுத்தேன். வேறு இடத்தில் தண்ணீர் வசதி இல்லாததால் அந்த நாற்றங்காலிலேயே மறுபடி தூவினாள். "அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டாம் நாள் முளைத்துவிட்டது.

மணிவண்ணன் வந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். அமாவாசையன்று கோடியக்கரையில் கூட்டம் நெரியும் என்பதால் முதல் நாளே போய்க் கரைத்துவிடலாம் என்றான். காலையில் வாடகைக் கார் வந்தது. பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முன் சீட்டில் டிரைவர், பின்னால் நாங்கள் இரண்டு பேர். கரியாப்பட்டினம் தாண்டியதும் குனிந்து பாட்டிலிடம் பேச ஆரம்பித்தான்.

"அப்பா, அன்னிக்கு நீங்க ரெண்டு தடவ கூப்பிட்டீங்க. நைட் டூட்டி முடிச்சுட்டுப் படுத்திருந்தேன். போன் அடிச்சது தெரியும்ப்பா. எந்திரிச்சு பேசிக்கலாம்னு எடுக்கல. எந்திரிச்சப்போ அம்மாதான் பேசுச்சு. என்ன சொல்லக் கூப்பிட்டீங்கப்பா? இத நேர்ல கேக்கணும்னுதான் பத்து மாசமா காத்துக் கெடந்தேன்."

நெற்றியை மூடியில் வைத்துக்கொண்டு அழுதான். முப்பது வயது ஆம்பிளைப் பிள்ளை, என் அடுப்புச் சாம்பலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

நான் வாயைத் திறந்தால் அவனுக்கு அப்பா இரண்டாம் தடவை இல்லாமல் போவார். திறக்காவிட்டால் இந்தப் பாவத்தைச் சாகும் வரைக்கும் சுமக்க வேண்டும். வேதாரண்யம் ஊருக்குள் கார் நுழைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். முடியவில்லை.

"வண்டிய நிறுத்தச் சொல்லு தம்பி. அது ஒங்கப்பா இல்ல" என்றேன்.

ரோட்டோரம் நின்றுகொண்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவன் மூடியைத் திறந்து, சாம்பலை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"ஊர்ல உள்ள பாட்டிலையெல்லாம் சேத்து வச்சியே. எங்கப்பாவ ஒரு எடத்துல வைக்கத் தெரியலியா ஒனக்கு?"

அவன் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, "வண்டியத் திருப்புங்கண்ணே" என்றான். வீடு வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

ஞானாம்பாள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. குடத்தைக் கீழே வைத்தாள்.

"அத்த, இந்த மண்ணு எனக்கு வேணும்" என்றான் மணிவண்ணன்.

நாற்று இரண்டு இலை விட்டிருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் கட்டுப் போட்டு விற்க வேண்டிய நாற்று. ஞானாம்பாள் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, தன் கையாலேயே பிடுங்க ஆரம்பித்தாள். "மேல் மண்ணு பூராத்தையும் வாரிக்கய்யா. எந்த எடத்துல அண்ணன் கெடக்காருன்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். அவன் மண்வெட்டியைத் தொடவில்லை. உட்கார்ந்து கையாலேயே வழித்தான். வேலியோரம் கிடந்த வெள்ளைத் துண்டுகளையும் எது என்னவென்று பார்க்காமல் பொறுக்கி அதிலேயே போட்டான். குயவர் வீட்டில் வாங்கிய இரண்டு பெரிய பானைகள் நிறைந்தன.

மறுநாள் அமாவாசை. கோடியக்கரையில் எள் போடக்கூட இடமில்லை. ஞானாம்பாளும் வந்திருந்தாள். கரையில் ஐயர் மந்திரம் சொல்லிவிட்டு, "பானையக் கவுத்துட்டு மூணு முழுக்குப் போட்டுட்டு வாங்க" என்றார். மணிவண்ணன் ஒரு பானையைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அங்கே கடல் வெகுதூரம் வரைக்கும் இடுப்பளவுதான்.

அவன் கவிழ்க்கவில்லை. எங்கள் ஊர் மண் களிமண். இரவோடிரவாகப் பானைக்குள் இறுகிக் கட்டி பிடித்திருந்தது. ஒரு கட்டியை எடுத்தான். தண்ணீருக்குள் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, அது முழுதும் கரைந்து போகும் வரைக்கும் பிசைந்தான். அப்புறம் அடுத்த கட்டி. அவனுக்குப் பக்கத்தில் வந்தவர்கள் சாம்பலைக் கொட்டி, முழுகி, கரையேறிப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். வெயில் ஏறியது. இவன் இரண்டாவது பானையையும் வந்து எடுத்துக்கொண்டு போனான். அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அப்பாவிடம் என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை. சாம்பலாக இருந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பானையில் அடிமண் இருக்கும்போது அவன் திரும்பிக் கரையைப் பார்த்தான். முதல் நாள் ரோட்டோரத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன், கையை நீட்டினான்.

"நீயும் வாம்மா."

சேலையோடு இறங்கிப் போனேன். கடைசிக் கட்டியை எடுத்து என் கையில் வைத்தான். தண்ணீருக்குள் பிடித்துப் பிசைந்தேன். மண் கலங்கி என் விரல்களைச் சுற்றி ஓடியது. "என்ன மன்னிச்சிருங்க" என்றேன், வாய்விட்டே சொன்னேன். மண்ணெல்லாம் போன பிறகு உள்ளங்கையில் கெட்டியாக ஒரு சின்னத் துண்டு நின்றது. எலும்போ, நத்தை ஓடோ. மணிவண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதை வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே விரலை விரித்தேன்.