சுடுகாட்டோர நிரை

ஈப்போ தியேட்டரை விட்டு வெளியே வரும்போதே எனக்குக் கோபம். படமாக்கிய அந்தப் பேய் நாவலைத் தாப்பாவுக்குப் போகும் பஸ்ஸில் போக வர இரண்டு முறை படித்தவள் நான். நாவலில் அந்தப் பெண் தனியாக விளக்கை ஏந்திக் கல்லறைக்குள் இறங்கி, பேயை எழுப்பிக் கேள்வி கேட்பாள். படத்திலோ வாசலிலேயே அலறி மயங்கிவிட்டாள்; காதலன் வந்து தூக்கிக்கொண்டு போனான்.

தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும் கூடப் படம் பார்த்த என் கூடப்பிறந்த ராமையா அண்ணன் சிரித்தார்.

"புஸ்தகத்துல ஆயிரம் எழுதலாம்லா. பொம்பள ஒத்தையில பேய்க்கிட்ட போவாளா? படத்துலதான் சரியா காட்டியிருக்கான்."

"அண்ணே, நம்ம தோட்டத்துல சுடுகாட்டோர நிரையில ரப்பர் மரத்துல பால் வெட்டுனது யாரு?"

அப்போதெல்லாம் விடியுமுன் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆள் கூடியதும், தோட்டத்துக் கணக்கரான கிராணி அந்த நிரையின், அந்த மர வரிசையின், பெயரைச் சொல்வார். உடனே ஆண்களுக்கெல்லாம் காய்ச்சல், வயிற்றுவலி. எங்கள் அப்பாவுக்கும்தான். அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அந்த இருட்டில் தனியாகப் போய்ப் பால் வெட்டிவிட்டு வருவாள்.

"அம்மாதான்," என்றார் அண்ணன்.

"என்னைக்காவது மயங்கி விழுந்தாங்களா?"

"இல்ல."

"அப்போ புஸ்தகம் எழுதுனவனுக்கு நம்ம அம்மாவத் தெரிஞ்சிருக்கு. படம் எடுத்தவனுக்கு அப்பாவ மட்டும்தான் தெரியும்லா."